அரிட்டாபட்டி மலையில் வல்லூறு கூட்டுக்குக் கூட்டமாகக் கூட்டிப்போவது சரியா?

தல்லாகுளம் நடையன்:
போன ஞாயிறு ஒரு வழிகாட்டியோடு பதினோரு பேர் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் பறவைப் படம் எடுக்கப் போனோம். தலைக்கு 1,800 ரூபாய். காலை 5 மணிக்கு மாட்டுத்தாவணியில் வேன், நடுவில் ஒரு டீ, விடியும்போது ஆனைகொண்டான் கண்மாய்க் கரை. அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனங்காடை பறக்கப்போகிறது என்பதை எப்படி முன்னாலேயே கண்டுபிடிப்பது, ஷட்டரை எதில் வைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் மலைக்குக் கூட்டிப்போனார். பாறை இடுக்கில் லகர் வல்லூறு குஞ்சு பொரித்திருந்தது. கீழே நின்று பார்த்ததோடு விடவில்லை. எதிர்ப் பாறையில் ஏற்றி, கூட்டுக்கு நாற்பது அடி தூரத்தில் வரிசையாக ட்ரைபாட் போடச் சொன்னார். தாயும் தகப்பனும் வெளியே போய்விட்டன. முக்கால் மணி நேரம் திரும்பவில்லை. குஞ்சுகள் மேல் வெயில். நானும் எடுத்தேன், மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறுத்தியது.

அறுநூறு எம்எம்:
நானும் அதே வேனில்தான் வந்தேன். மலையை விட்டு இறங்கும்வரை வாயே திறக்காமல் இப்போது இங்கே வந்து எழுதுகிறீர்கள். லகர் ஜோடியாகவும் வேட்டைக்குப் போகும், இது பறவை பார்க்கிற யாருக்கும் தெரியும். என் கேமராவில் நேரம் பதிவாகியிருக்கிறது: 7:12க்குப் போனது, 7:58க்குத் திரும்பியது. இரையோடு வந்தது. இதில் என்ன பாவம்? அரிட்டாபட்டி சரணாலயமும் இல்லை. 2022ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அவ்வளவுதான். ஊர் வழியாக யாரும் போகலாம்.

கண்மாய்க் கொக்கு:
போகலாம், சரி. ஆனால் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் வரும். துப்பாக்கி வேண்டியதில்லை.

வேட்டைக்குப் போன வல்லூறு சத்தம் போடாது. தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் அது வேட்டை இல்லை, உங்களை விரட்டப் பார்க்கிறது. நடையன், அன்றைக்கு அவை கத்தினவா?

தல்லாகுளம் நடையன்:
முதல் பத்து நிமிடம் விடாமல் கத்தின. வழிகாட்டி “நல்ல ஆக்‌ஷன், மேலே எடுங்க” என்றார்.

புதுக்கேமரா:
நான் வந்தது இதுதான் முதல் தடவை. வல்லூறுக்கும் வைரிக்குமே அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. கத்துவதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அங்கேயே யாராவது சொல்லியிருந்தால் நானே இறங்கியிருப்பேன். காசு வாங்குகிறவர்தானே அதைச் சொல்ல வேண்டும்?

அறுநூறு எம்எம்:
தம்பி, அதே மலையில் தினமும் ஆடு மேய்கிறது. அப்போதெல்லாம் பறவை பறக்கவில்லையா? படம் எடுக்கிறவன் மட்டும்தான் குற்றவாளியா? இந்த மலையில் வல்லூறும் ராசாளிப் பருந்தும் இருக்கின்றன என்று வெளியுலகத்துக்குத் தெரிந்ததே எங்களைப் போல ஆட்கள் எடுத்த படத்தால்தான். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது ஊர் ஊராகப் பரவியதும் அந்தப் படங்கள்தான்.

மேலூர்ப் பொண்ணு:
அண்ணே, அந்தப் படங்கள் உதவின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் சுரங்கம் வேண்டாம் என்று நடந்தது நாங்கள். வேலை வெட்டியை விட்டுவிட்டு எங்கள் அம்மாவும் நடந்தது. அந்த மாதமே சுரங்க ஏலத்தை ரத்து செய்தார்கள். அதை உங்கள் லென்ஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆடு விஷயம் சொல்கிறேன், எங்கள் வீட்டு ஆடுதான் அங்கே மேய்கிறது. ஆடு நிற்காது, மேய்ந்துகொண்டே போய்விடும். அப்பாவும் அண்ணாந்து பார்க்க மாட்டார். நீங்கள் பதினோரு பேர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, இத்தனை பெரிய குழாயை நேராகக் கூட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அதற்கு எப்படி இருக்கும்? ஊரில் ஒருத்தரிடமாவது கேட்டுவிட்டு ஏறினீர்களா?

அறுநூறு எம்எம்:
ஊரில் சொல்லியிருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டுப் பக்கமே போகக்கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தூரம் வைத்து, பத்து நிமிடத்தில் இறங்கலாம்.

கண்மாய்க் கொக்கு:
பத்து நிமிடப் படத்துக்கு யார் 1,800 கொடுப்பார்கள்? அங்கேதான் சிக்கல். கூடு என்றால் பறவை எங்கேயும் போகாது, படம் நிச்சயம். அதனால் அதைத்தான் விற்கிறார்கள். சாமநத்தம் கண்மாயில் காலை முழுக்க உட்கார்ந்தால் யாரையும் தொந்தரவு செய்யாமல் நல்ல படம் கிடைக்கும். ஆனால் ‘நிச்சயம்’ என்று விளம்பரம் போட முடியாது.

புதுக்கேமரா:
அடுத்த ஞாயிறுக்கும் அதே மலைக்கு இடம் நிரம்பிவிட்டதாக அவர் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். நான் இந்தப் பேச்சை அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

மேலூர்ப் பொண்ணு:
இன்று காலை அப்பா மேல்தடத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனபோது பார்த்திருக்கிறார். தாய் கூட்டில்தான் இருக்கிறது. இரண்டு குஞ்சு தலை தெரிந்ததாம்.

தல்லாகுளம் நடையன்:
என் படத்தில் மூன்று இருக்கிறது.

அறுநூறு எம்எம்:
இன்னொன்று பின்னால் படுத்திருக்கும்.

மேலூர்ப் பொண்ணு:
இருக்கலாம். நாளைக்கும் பார்க்கச் சொல்கிறேன்.