இறக்கையில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பயணி வாய் திறக்கலாமா?

ஜன்னலோரம்

குளிர்நாடுகளில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் விமானக் கம்பெனிகளுக்கு இரண்டு வகைப் புகார் போகிறது. ஒன்று: "வானம் பளிச்சென்று இருக்கிறது, பனியே பெய்யவில்லை, எதற்கு முக்கால் மணி நேரம் நிறுத்தி மருந்து (பனி நீக்கும் திரவம்) அடித்தீர்கள்?" இரண்டாவது: "இறக்கை மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது, பணிப்பெண்ணிடம் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்." முதல் வகைக்கு இந்த இழையில் இடமில்லை. இரண்டாவதைப் பேசுவோம்.

என் கட்சி இதுதான்: பயணி பார்த்ததைச் சொல்ல வேண்டும், சொன்னது வடிகட்டப்படாமல் கேப்டன் காதுக்குப் போக வேண்டும். 1989 மார்ச் 10, கனடாவின் டிரைடன். ஏர் ஒன்டாரியோ 1363, ஃபோக்கர் எஃப்-28. ஏபியு, அதாவது பெரிய எஞ்சின்களைக் கிளப்ப உதவும் துணை எஞ்சின், பழுது. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப டிரைடனில் தரைக் கருவி இல்லை. அதனால் எஞ்சினை ஓடவிட்டபடியே எரிபொருள் நிரப்பினார்கள். எஞ்சின் ஓடும்போது அந்த ரகத்துக்கு டீ-ஐசிங் (மருந்து அடித்துப் பனி நீக்குவது) கூடாது. ஈரப்பனி இறக்கையில் ஏறிக்கொண்டே இருந்தது. கிளம்பியதும் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். பயணிகளில் இரண்டு பேர் விமானக் கேப்டன்கள். இறக்கையைப் பார்த்தார்கள். பணிப்பெண்ணும் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாதா என்ன" என்று மூன்று பேருமே சும்மா இருந்துவிட்டார்கள். இந்த விபத்தை விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி ஆணையம் தந்த 191 பரிந்துரைகளுக்குப் பின்னால் இந்த மௌனமும் இருக்கிறது.

வலதுசீட்

டிரைடனை எடுத்து வீசினால் விவாதம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அங்கே பார்த்த இரண்டு பேர் கேப்டன்கள். 23ஆம் வரிசையில் உட்கார்ந்து போன் நோண்டுகிறவர் அல்ல. பயணிகள் உண்மையில் என்னென்ன புகார் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

இறக்கையில் ஒட்டியிருக்கும் வெள்ளி நிற அலுமினியப் பட்டை: "செலோ டேப் போட்டு ஓட்டுறாங்க." மறுபடி பனி பிடிக்காமல் காக்க அடிக்கும் நான்காம் வகைத் திரவத்தின் பச்சை வழிசல்: "பச்சையா ஏதோ ஒழுகுது." அதே திரவம் கூழாக மேலே நின்றால்: "பனி கரையவே இல்லை." கூழாக நிற்கத்தான் அதில் பாலிமர் சேர்க்கிறார்கள். ஓடுபாதையில் வேகம் கூடும்போது காற்று அதை உரித்துக்கொண்டு போகும். உடல் பகுதியில், அடியில் உள்ள எழுத்தும் கோடும் தெரிகிற அளவுக்கு மெல்லிய பனி இருந்தால் அதற்கு அனுமதி உண்டு. இறக்கையின் அடிப்பக்கம், எரிபொருள் டாங்க் உள்ள இடத்தில், பெரும்பாலான ரகங்களுக்கு 3 மி.மீ. வரை உறைபனிக்கு அனுமதி. இது அத்தனையும் புகாராக வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் நின்று பார்த்தால் என்ன ஆகும்? மருந்து அடித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த மருந்து தாங்கும் நேரத்துக்கு ஹோல்டோவர் நேரம் என்று பெயர். முதல் வகை ஆரஞ்சுத் திரவம் மட்டும் அடித்திருந்தால், உறைபனி மட்டுமே படியும் நேரத்தில் அலுமினிய இறக்கைக்கு 45 நிமிடம், கலப்புப்பொருள் (கார்பன் இழை போன்றவை) இறக்கைக்கு 35 நிமிடம். மிதமான பனிப்பொழிவு என்றால் அதே திரவம் பத்து நிமிடம் தாங்கினாலே பெரிது. பொய்ப் புகாரைப் பார்க்கப் போய் அந்த நேரம் தீர்ந்தால், சுத்தமாக இருந்த இறக்கை அழுக்காகிவிடும். மறுபடி மருந்து, மறுபடி வரிசை.

தரைப்பொறி

இரண்டு பேரும் ஜன்னலைச் சுற்றியே பேசுகிறீர்கள். சோதனை நடக்கிற இடம் ஜன்னல் இல்லை, இறக்கைதான்.

மேகமில்லாத ராத்திரியில் இறக்கைத் தகடு வெப்பத்தை வானத்துக்குக் கொட்டிவிடும். சுற்றுக் காற்று 2, 3 டிகிரி இருக்கும்போதே தகடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். பனி பெய்யாத, பளிச்சென்ற காலையில்தான் உறைபனி அதிகம் என்பதற்குக் காரணம் அதுதான். முதல் வகைப் புகார்க்காரர்களுக்கு இதைச் சொன்னாலே போதும்.

சோதிக்கிறவர் ஏணி போட்டு, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் முன்விளிம்பைத் தடவ வேண்டும். விரல் நுனிக்கு நறநறவென்று பட்டால் அது ஈரம் அல்ல. அடுத்து முன்விளிம்புக்குப் பின்னால் உள்ள மேற்பரப்பு. அடுத்து உடலோடு இறக்கை சேரும் வேர்ப்பகுதி. டாங்கில் சில்லென்ற எரிபொருள் கிடந்தால் நிறமில்லாத கண்ணாடி ஐஸ் அங்கேதான் பிடிக்கும், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சொம்பு வேர்க்கிற மாதிரி. பிறகு இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளான ஏலரான், ஃப்ளாப் இவற்றின் இடுக்குகள். கடைசியாக வாலில் இருக்கும் கிடைமட்ட இறக்கை. இந்தக் கடைசி இடம் எந்தப் பயணியின் ஜன்னலிலும் தெரியாது, காக்பிட்டிலிருந்தும் தெரியாது. தூக்கு வண்டியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. வெயில் ஒரு பக்கம் பட்டு இடது இறக்கை மட்டும் காய்ந்திருக்கும், வலதில் பூச்சு இருக்கும். "வலதுக்கு மட்டும் அடி, திரவம் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். கூடாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும். திரவம் பீச்சுக்குழல் வாயில் குறைந்தது 60 டிகிரி இருக்க வேண்டும், ஏனென்றால் உறைபனியைக் கரைப்பது அந்தச் சூடுதான். திரவத்தில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் வேலை மறுபடி உறையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு கட்டமாக அடிப்பதானால் முதல் கட்டம் உறைவதற்குள், 3 நிமிடத்துக்குள், இரண்டாவது அதன் மேல் விழ வேண்டும். அந்த நேரம் கேபினுக்குக் காற்று தரும் ஏசி பேக்கை மூடிவைப்பார்கள். இல்லாவிட்டால் கேபினுக்குள் இனிப்பு வாடை. அதற்கும் ஒரு புகார் வரும்.

பொதுஜனம்

ஒரு சந்தேகம் சார். அடியில 3 மி.மீ. ஓகே, மேல கடுகளவும் கூடாதுங்கிறீங்க. என்ன கணக்கு இது?

தரைப்பொறி

தம்பி, விமானத்தைத் தூக்குவதில் பெரும்பங்கு மேற்பரப்பில் வழுக்கிப் போகும் காற்றுக்குத்தான். அது பரப்போடு ஒட்டிப் போக வேண்டும். நடுத்தர உப்புத்தாள் சொரசொரப்பில் மேற்பரப்பிலும் முன்விளிம்பிலும் பூச்சு இருந்தால் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவை 40 சதவீதம் வரை கூடும். எடை ஒரு பொருட்டே இல்லை. மொத்தப் பூச்சையும் சுரண்டி எடுத்தால் ஒரு வாளிகூடத் தேறாது. சொரசொரப்புதான் காற்றைப் பிய்க்கிறது. அடிப்பக்கத்தில் அந்த அளவு சொரசொரப்பைக் காற்று பொறுத்துக்கொள்ளும்.

மேலேயும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. போயிங் 737-இன் புதிய ரகங்களில் இறக்கை மேல் கறுப்புக் கோடு போட்ட ஒரு பகுதி உண்டு. டாங்கின் குளிரால் வந்த உறைபனி மட்டும், அந்தக் கோட்டுக்குள், 1.5 மி.மீ.க்கு மிகாமல், இரண்டு இறக்கையிலும் ஒரே மாதிரி, காற்று 4 டிகிரியோ அதற்கு மேலோ, மழையோ மூடுபனியோ இல்லாமல் இருந்தால் கிளம்பலாம். முன்விளிம்பில் துளிகூட இருக்கக் கூடாது. வலதுசீட் சொன்ன பட்டியலில் இதையும் சேர்க்கலாம். கோட்டுக்குள் வெள்ளையைப் பார்க்கிற பயணி நிச்சயம் பதறுவார்.

ஜன்னலோரம்

பதறட்டும். பதில் சொல்ல ஒரு நிமிடம். பதறாததால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

2002 ஜனவரி 4, பர்மிங்காம், இங்கிலாந்து. சேலஞ்சர் 604, தனியார் ஜெட். ராத்திரி முழுக்க வெளியே நின்றது, குளிர் மைனஸ் 9 வரை போனது. டீ-ஐசிங் கேட்கவில்லை. தரையை விட்டு எழும்பியதுமே இடது இறக்கை சரிந்தது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். விசாரணை சொன்னது: சிறிய அளவு சொரசொரப்பே போதுமானதாக இருந்தது, இறக்கை ஸ்டால் ஆகிற (தூக்குவிசையை இழக்கிற) கோணம் அவ்வளவு கீழே இறங்கிவிட்டதால் எச்சரிக்கைக் கருவியால் பயன் இல்லை. ஏபியு புகை ஒரு பக்கத்து உறைபனியை மட்டும் கரைத்திருக்கலாம், அது சரிவை மோசமாக்கியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். தரைப்பொறி சொன்ன "ஒரு பக்கம் காய்ந்த" கதைதான்.

அமெரிக்காவில் உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் பறக்கலாம் என்று சிறு விமான இயக்கங்களுக்கு 2010 வரை விதியே இருந்தது. விதி எழுதினவர்களே அவ்வளவு காலம் அசட்டையாக இருந்த விஷயம் இது. "நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

வலதுசீட்

பர்மிங்காமில் கோளாறு பயணியின் மௌனத்தில் இல்லை. யாரும் மருந்து கேட்கவில்லை, அதுதான் கோளாறு. உங்கள் கட்சிக்கு அது எப்படிச் சாட்சி?

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 1991 டிசம்பர் 27, ஸ்டாக்ஹோம். எஸ்ஏஎஸ் 751, எம்டி-81. மருந்து அடித்தார்கள். ஆனால் வேர்ப்பகுதியில் இருந்த கண்ணாடி ஐஸ் அப்படியே கிடந்தது. பார்த்தால் ஈரம் மாதிரி இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. எழும்பும்போது பெயர்ந்து பின்னால் உள்ள இரண்டு எஞ்சினுக்குள்ளும் போனது. கோட்ரோராவில் ஒரு வயலில் இறக்கினார்கள். 129 பேரும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். அந்த விமானத்தில் ஜன்னல் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், கிளம்பும் முன் என்ன புகார் சொல்லியிருக்க முடியும்? "ஈரமா இருக்கு" என்றா? கைதான் கண்டுபிடிக்கும். கண்ணை நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாற்றம்: இல்லாததைப் பார்ப்பார், இருப்பதைப் பார்க்கமாட்டார்.

ஜன்னலோரம்

கண் பயன்படாது என்றால் பைலட் கண்ணும்தானே?

1992 மார்ச் 22, லாகார்டியா. யுஎஸ்ஏர் 405, மறுபடியும் எஃப்-28. இரண்டு தடவை மருந்து. இரண்டாவதுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் சுமார் 35 நிமிடம், பனி பெய்துகொண்டே இருந்தது. காக்பிட்டிலிருந்து விளக்குப் போட்டு இறக்கையைப் பார்த்தார்கள். அந்த ரகத்தில் இறக்கை வெகு பின்னால். ராத்திரி, ஈரக் கண்ணாடி. "சுத்தமா இருக்கு." 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். கேபினுக்குள் நடந்து வந்து இறக்கைக்கு நேரான ஜன்னலில் பார்த்திருந்தால் வாய்ப்பாவது இருந்திருக்கும். ஹோல்டோவர் நேரம் தாண்டினால், ஓட்டம் தொடங்கும் முன் 5 நிமிடத்துக்குள் மேற்பரப்பைப் பார்த்து முடிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி இப்போது சொல்கிறது. பல ரகங்களில் அந்தப் பார்வை நடப்பது பயணியின் அதே ஜன்னலில்தான்! கேப்டன் குனிந்து பார்க்கிற கண்ணாடிக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவர் சொல்வது மட்டும் செல்லாதா?

வலதுசீட்

செல்லாது என்று நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு. "இறக்கை சரியில்லை, இறக்கி விடுங்க" என்று கத்தினால் பணிப்பெண்ணுக்கு அது ஒழுங்குப் பிரச்சினை. அவர் காக்பிட்டுக்குச் சொல்வதும் அதைத்தான்.

வரிசை எண், எந்தப் பக்கம், முன்விளிம்பிலா பின்னாலா, வெள்ளையா நிறமில்லையா, மருந்து அடித்த பிறகா முன்பா. இந்த ஐந்தும் இருந்தால் ஒரே வாக்கியம்: "14ஏ, இடது இறக்கை, முன்விளிம்புக்குப் பின்னால் மங்கலான வெள்ளை, மருந்து அடித்த பிறகும் இருக்கிறது." இப்படி வந்தால் எந்தக் கேப்டனும் தட்டமாட்டார். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேண்டாத பேச்சு கூடாது என்ற விதியைச் சாக்காகச் சொல்வார்கள். பாதுகாப்புத் தகவல் அந்த விதிக்குள் வராது. ஆனால் எஞ்சின் முழு விசையில் ஓட்டம் தொடங்கிவிட்டால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். டாக்ஸியிலேயே, அதாவது ஓடுபாதைக்கு விமானம் மெல்ல உருண்டு போகும்போதே, சொல்லிவிட வேண்டும்.

ஜன்னலோரம்

இதையே முதல் பதிவில் எழுதியிருக்கலாமே. பணிப்பெண் சொல்ல மறுத்தால்?

வலதுசீட்

மறுத்தால் அது பயிற்சிக் கோளாறு. அப்போது புகார் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பொதுஜனம்

ஏடிஆர் மாதிரி இறக்கை தலைக்கு மேல இருக்கிற விமானத்துல பயணி எதைப் பார்ப்பாரு?

தரைப்பொறி

அடிப்பக்கம் மட்டும். மேல் தகடு ஒருவருக்கும் தெரியாது. 2012 ஏப்ரல் 2, ரஷ்யாவின் தியுமென், யூடிஏர் ஏடிஆர்-72: மருந்து அடிக்காமலே கிளம்பியது, 43 பேரில் 33 பேர் இறந்தார்கள். அந்த ரகத்துக்கு, தரையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு "சுத்தம்" என்று எழுதினால் அது சோதனையே இல்லை. ஏணி வேண்டும், கை எட்ட வேண்டும். ஏணி வேறு விமானத்தில் இருக்கிறது என்றால் அது வரும்வரை நிற்க வேண்டும்.

பொதுஜனம்

அந்தத் தாமதத்துக்கும் முதல் வகைப் புகார் வருமே சார்?

தரைப்பொறி

வரும். ஏணிக்காக நின்றோம் என்று மைக்கில் சொல்லிவிட்டால் பாதி குறையும்.