எதிர்முனையா, மாறூசியா? ஆர்பி-எஸ்எம்ஏ இணைப்பிக்கு ஒரு சொல்

வணக்கம். வைஃபை ரவுட்டரில் ஆண்டெனாவைத் திருகி மாட்டும் சிறிய இணைப்பிதான் ஆர்பி-எஸ்எம்ஏ. எஸ்எம்ஏ என்ற சாதாரண வகையின் மாறிய வடிவம் அது; ‘ஆர்பி’ என்பது ‘ரிவர்ஸ் போலாரிட்டி’யின் சுருக்கம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ரிவர்ஸ் போலாரிட்டி’ என்பதை அப்படியே ‘எதிர்முனை இணைப்பி’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பது என் கருத்து. எதிர்முனை என்றதும் நமக்கு மின்கலத்தின் முனை ஞாபகம் வரும். இல்லையென்றால் தொலைபேசியின் எதிர்முனையில் பேசுகிறவர். இந்த இணைப்பியில் மின்முனை எதுவும் தலைகீழாவதில்லை. நடுவில் இருக்கும் ஊசி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலப் பெயரே குழப்பமானது. அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டுமா?

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொல் தானாக வரும். சாதாரண எஸ்எம்ஏவில் உள்மரை கொண்ட நட்டு இருக்கும் பக்கம் ஊசி, வெளிமரை இருக்கும் பக்கம் துளை. வைஃபை ரவுட்டரில் வருவது இதற்கு நேர்மாறு: ரவுட்டரின் வெளிமரைக்கு நடுவே ஊசி நிற்கும், ஆண்டெனாவின் உள்மரைக்குள் துளை இருக்கும். இரண்டு வகைக்கும் மரை ஒன்றேதான், கால் அங்குலம். அதனால் தவறான ஆண்டெனாவும் அழகாகத் திருகிக்கொள்ளும்.

சென்ற மாதம் எங்கள் வீட்டு இருபட்டை (டூயல் பேண்ட்) ரவுட்டரில் ஒரு ஆண்டெனா அடியோடு முறிந்துவிட்டது. கடையில் “எல்லாத்துக்கும் சேரும்” என்று ஒன்றைக் கொடுத்தார்கள். கடைசி மரைவரை போனது. ஆனால் பின்னறையில் சிக்னல் கொஞ்சமும் தேறவில்லை. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆண்டெனாவிலும் ஊசி, ரவுட்டரிலும் ஊசி. இரண்டும் முட்டி, ரவுட்டர் பக்கத்து ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பொருத்தமான சொல் ஒன்று பெட்டியின் மேல் தமிழில் இருந்திருந்தால் அது சாய்ந்திருக்காது. இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இப்படி ஒரு இணைப்பி வந்ததற்கும் காரணம் உண்டு. பயனர்கள் தம் விருப்பப்படி வேறு ஆண்டெனாவை மாட்டி, அனுமதித்த அளவுக்கு மேல் அலை வீசிவிடக் கூடாது என்று, கழற்றக்கூடிய ஆண்டெனாவுக்குத் தனித்தன்மையான இணைப்பி வேண்டும் என அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி வைத்தது. அதற்கேற்பத் தயாரிப்பாளர்கள் ஊசியையும் துளையையும் இடம் மாற்றினார்கள்.

> அப்படியானால் ‘மாற்றூசி’ போதுமே?

அருகில் வந்துவிட்டீர்கள். ஆனால் நாம் பேசுவதே மாற்று ஆண்டெனா பற்றி. ‘மாற்று’ என்றால் பழையதற்குப் பதிலாகப் போடுவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். மாற்றூசி என்றால் உதிரி ஊசி என்றாகிவிடும்.

என் பரிந்துரை: மாறூசி. மாறு + ஊசி. மாறுகண், மாறுவேடம் என்று நாம் ஏற்கெனவே சொல்கிற வழிதான். மாறுவேடம் இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. வெளியே பார்த்தால் ஒரே மரை, உள்ளே ஆள் வேறு. சாதாரண எஸ்எம்ஏவை ‘நேரூசி’ எனலாம். “வைஃபைக்கு மாறூசி, 4ஜிக்கு நேரூசி” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கிறது. பல 4ஜி ரவுட்டர்களில் இரண்டு வகையும் ஒரே பெட்டியில் இருப்பதால் இந்த இணைச்சொல் உடனே பயன்படும்.

ஆண், பெண் என்ற பாகுபாட்டை இதில் கலக்க வேண்டாம். மாறூசியில் ஊசி இருக்கிற பக்கத்தைத்தான் ‘பெண்’ என்கிறார்கள். புதிதாகப் படிப்பவர் நிச்சயம் தடுமாறுவார். ‘மாறூசி உள்மரை’, ‘மாறூசி வெளிமரை’ என்றால் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். மரை என்பது பட்டறையில் அன்றாடம் புழங்கும் சொல்.

‘இருபட்டை’ எல்லோருக்கும் சம்மதம் என நினைக்கிறேன். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஏற்ற ஆண்டெனா என்று பெட்டியில் அதையே போடலாம். ‘இரு அலைவரிசை’ என்றால் டிவி சேனல் நினைவு வருகிறது.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. ரவுட்டரைத் திறந்தால், பலகையின் மேல் சட்டை பிரஸ் பட்டனைப் போல அழுத்தியதும் ‘டப்’ என்று அமரும் குட்டி இணைப்பி, யு.எஃப்.எல். ‘அழுத்திணைப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தியில்லை. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?