சேலத்தில் அளவெடுத்து பிரா தரும் கடை தெரியுமா?

தோழிகளே, ஒரு உதவி வேண்டும். அளவெடுத்து, போட்டுப் பார்க்கவும் விடுகிற உள்ளாடைக் கடை சேலத்தில் எங்கே இருக்கிறது? நான் இருப்பது அஸ்தம்பட்டி. ஐந்து ரோடு, சின்னக்கடை வீதி என்றாலும் வந்துவிடுவேன்.

டேப் வைத்து அளந்தேன். மார்புக்குக் கீழே 32 அங்குலம், நிறைந்த இடத்தில் 37. கணக்குப்படி 32 டிடி (எண் கீழ்ப்பட்டை அளவு, எழுத்து கப் அளவு). கடையில் 32 கேட்டால் பி கப்தான் வருகிறது. இல்லையென்றால் “38 எடுத்துக்கோங்க, சரியா இருக்கும்” என்கிறார்கள். 38-இல் பட்டை முதுகில் மேலே ஏறிவிடுகிறது, பாரமெல்லாம் தோளில் இறங்குகிறது. சாயங்காலம் கழற்றினால் தோளில் பள்ளம் விழுந்த மாதிரி சிவந்த கோடு. தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை, தோள்நாடா இல்லை. இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. கவுன்டரில் ஆண்கள் நின்றால் கேட்கவே வாய் வருவதில்லை.

34 டி-க்கும் 32 டிடி-க்கும் கப் கொள்ளளவு ஒன்றுதான், 34 டி கிடைத்தாலும் சரி. கம்பி இல்லாத பருத்தித் துணி வேண்டும், இந்த வெயிலுக்கு வேறு எதுவும் தாங்காது. ஆன்லைனில் வாங்கியவர்கள், அளவு சேராததைத் திருப்பி எடுத்துக்கொண்டார்களா என்பதையும் சொல்லுங்கள். இங்கே எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.