ஏசி விற்கிறவரே எரிசக்தி தணிக்கையும் செய்யலாமா?

விடுதிப் பொறுப்பாளர், கன்னியாகுமரி
கடற்கரை அருகே 80 அறைகளும் உணவகமும் உள்ள விடுதியில் பராமரிப்பைக் கவனிக்கிறேன். உயரழுத்த மின் இணைப்பு. ஏசி விற்கும் நிறுவனம் ஒன்று கட்டணமின்றி எரிசக்தி தணிக்கை (மின்சாரம் எங்கே, எவ்வளவு செலவாகிறது என்ற ஆய்வு) செய்து, எல்லா எந்திரங்களையும் மாற்றச் சொல்லி அறிக்கை தந்திருக்கிறது. கையொப்பமிட்டவர் தேர்வெழுதிச் சான்று பெற்றவர் என்கிறார்கள். அந்தச் சான்றை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய செலவை முதலாளியிடம் பரிந்துரைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மின்பொறியாளர், தக்கலை
சான்று பெற்றவர் வேறு, அங்கீகரிக்கப்பட்டவர் வேறு. 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ) நடத்தும் தேசியத் தேர்வில் 3 தாள்களில் தேறியவர் எரிசக்தி மேலாளர். நான்காவது தாளிலும் தேறியவர் சான்று பெற்ற தணிக்கையாளர். அதற்கு மேல் 5 ஆண்டு தணிக்கை அனுபவத்தைக் காட்டி பிஇஇயிடம் அங்கீகாரம் பெற்றவரே அங்கீகரிக்கப்பட்ட தணிக்கையாளர். பிஇஇ இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பெயரையும் பதிவெண்ணையும் அதில் சரிபாருங்கள். ஆனால் தகுதி இருப்பதாலேயே ஒருவர் சார்பற்றவர் ஆகிவிடமாட்டார். இங்கிலாந்தில் வணிகக் கட்டடத்துக்கு எரிசக்திச் சான்றிதழ் தரும் மதிப்பீட்டாளர், கட்டட உரிமையாளரோடு தமக்குள்ள தொடர்பைச் சான்றிதழிலேயே வெளிப்படுத்த வேண்டும். நாமும் அத்தகைய உறுதிமொழியை எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

ஜவுளிக்கடை உரிமையாளர், நாகர்கோவில்
எங்களுக்கும் இப்படி ஓர் இலவச அறிக்கை வந்தது. பிறகு எதையும் விற்காத ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்த்தபோது, அவர் முதலில் மின்கட்டண ரசீதுகளைத்தான் கேட்டார். பதிவான உச்சத் தேவை (மாதத்தில் ஒரே நேரத்தில் நாம் இழுத்த மிக அதிக மின்திறன்), ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்திடம் நாம் கேட்டுப் பெற்ற மின்திறன் அளவு) 90 விழுக்காடு, இவ்விரண்டில் எது கூடுதலோ அதற்கே உயரழுத்த இணைப்பில் தேவைக் கட்டணம் விதிக்கப்படுவதால், நாங்கள் பயன்படுத்தாத திறனுக்கும் மாதந்தோறும் பணம் கட்டி வந்திருக்கிறோம் என்று காட்டினார். ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பம் போதும். எந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முதல் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விடுதிப் பொறுப்பாளர், கன்னியாகுமரி
நன்றி ஐயா. எங்கள் அறிக்கையிலும் ரசீது பற்றிய பேச்சே இல்லை. அவர்கள் ஒரே ஒரு நாள், அதுவும் ஐயப்ப பக்தர்களால் அறைகள் நிரம்பியிருந்த மார்கழியில்தான் அளவெடுத்தார்கள்.

மின்பொறியாளர், தக்கலை
அப்படியானால் அந்த அறிக்கை சொல்லும் மின்சேமிப்பு மதிப்பீட்டை ஆண்டு முழுமைக்கும் ஏற்க முடியாது. கூட்டமில்லாத மாதத்திலும் அளக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் வெளிப்புற அலகின் தகடுகள் அரித்திருந்தால் எந்திரம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்திரவாரியாகப் பிரித்து எழுதித் தரக் கேளுங்கள்.