ஆழ்கடல் குழாயில் ஹைட்ரேட் அடைப்பு: அழுத்தத்தைக் குறைத்தால் போதாதா?

கேள்வி (வேதிப் பொறியியல் மாணவி):
வணக்கம். எரிவாயுவும் நீரும் உயர்ந்த அழுத்தத்திலும் குளிரிலும் சேர்ந்து, பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து குழாயை அடைத்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் கடலின் மேலுள்ள எண்ணெய் மேடையின் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால் அது கரைந்துவிட வேண்டுமே. மெக்சிகோ வளைகுடா போன்ற ஆழ்கடல் வயல்களில் இது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது?

பதில் 1:
ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் இறக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. உருகுவதற்கு வேண்டிய வெப்பம் கடல்நீரிலிருந்து குழாய்ச் சுவர் வழியாக வருவதால், கட்டி சுவரோரமாகவே முதலில் கரைகிறது. பிடி விட்டதும், மறுபக்கத்தில் தேங்கிய வாயு அதைத் துப்பாக்கிக் குண்டாகத் தள்ளிவிடும். வளைவில் மோதிக் குழாய் உடைந்து உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளும் உண்டு. ஆகவே இரு பக்கமும் ஒருசேர, மெதுவாக இறக்குவார்கள்.

பதில் 2:
அவர் சொன்னது சரி. ஆனால் ஆழ்கடலில் அழுத்தத்தை இறக்குவதே கடினம். கடலடியில் நிலவும் சுமார் 4 டிகிரி செல்சியஸில், தூய மீத்தேன் ஹைட்ரேட் நிலைத்திருக்க ஏறத்தாழ 40 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) போதும். புரொப்பேன் கலந்த வாயுவுக்கு அதிலும் குறைவு. கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாயான ரைசர் 1,000 மீட்டர் நீளமிருந்து, அதில் எண்ணெய் நிரம்பி நின்றால், அந்த எண்ணெயின் எடையே அடியில் 80 பார் அளவுக்கு அழுத்தும். மேலே வால்வை முழுதும் திறந்து வைத்தாலும் கீழே கட்டி அசையாது. எனவே ரைசரில் வாயுவைச் செலுத்தித் திரவத்தை வெளியேற்றுவார்கள், அல்லது ஆளில்லா நீர்மூழ்கி எந்திரத்தின் துணையோடு கடலடியிலேயே ஒரு பம்பை இணைத்து உறிஞ்சுவார்கள்.

மாணவி:
நன்றி ஐயா. வெளியிலிருந்து சூடேற்றலாமா?

பதில் 2:
கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் சூடேற்றக் கூடாது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில், சாதாரண அழுத்தத்தில் 160 கன மீட்டருக்கும் மேற்பட்ட வாயு அடங்கியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் உருகினால் அந்த வாயு வெளியேற வழியின்றிக் குழாயையே வெடிக்கச் செய்யும். ஹைட்ரேட்டைக் கரைக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் நல்ல மருந்துதான், கட்டியின் முகப்புவரை அதைக் கொண்டுசேர்க்க முடிந்தால்.

பதில் 3:
2010 மே மாதத்தில், மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவைப் பிடிக்க அதன் மேல் இறக்கப்பட்ட எஃகுக் கூண்டும் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரேட்டால் அடைபட்டுக் கைவிடப்பட்டது. ஒன்று சேர்க்கிறேன்: அடைத்திருப்பது எண்ணெயிலிருந்து படியும் மெழுகா, ஹைட்ரேட்டா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மெழுகுப் படிவைச் சுரண்டக் குழாய்க்குள் அனுப்பும் ‘பிக்’ என்ற கருவியை ஹைட்ரேட்டின் மேல் ஓட்டினால், கட்டி இன்னும் இறுகும், பிக்கும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.