வெள்ள நிவாரணத்துக்கு ராணுவ ஏலத்தில் சாமில் லாரி: வாங்கலாமா, கூடாதா?

கரும்புக்காட்டான் (டோங்காட்)

2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்த லாரிகள் மண் ரோட்டில் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட, வயதானவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார்கள். அந்த நிலை மறுபடி வரக் கூடாது என்றுதான் எங்கள் கோயில் தொண்டர் குழு சொந்த லாரிக்குப் பணம் சேர்த்திருக்கிறது.

என் கட்சி இது: ராணுவம் கழித்து விற்கும் சாமில் லாரியை ஏலத்தில் எடுக்க வேண்டும். பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் கட்டிய ராணுவச் சரக்கு வண்டி. ஜெர்மன் லாரியான மாகிரஸ் டாய்ட்ஸின் வடிவம். சாமில் 20, 50, 100 என்றால் முறையே 2, 5, 10 டன் சரக்கு. 20-ம் 50-ம் நான்கு சக்கர இழுவை, 100 ஆறு சக்கர இழுவை. முதல் ரகத்தில் காற்றால் குளிரும் எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாததால் நம் பையன்களே கழற்றி மாட்டலாம். அதே விலைக்குச் சந்தையில் வேறு எந்த நான்கு சக்கர இழுவை லாரி கிடைக்கும்?

குழுவில் சிலர் ஏலப் பட்டியலில் இருக்கும் பஃபல் கவச வண்டியையும் பார்க்கலாம் என்கிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

டீசல்_கை (ஃபீனிக்ஸ்)

தம்பி, நோக்கம் நல்லது. ஆனால் நான் எதிர்ப்பு.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலையை மட்டும் பார்த்து எல்லாரும் மயங்குகிறார்கள். அதற்கு மேல் ஏலக்காரரின் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு 15 சதவீத வாட். அப்புறம் வண்டியைக் கொண்டுவர வேண்டும். பதிவு இல்லாத, பிரேக் எப்படியென்று தெரியாத லாரியை பிரிட்டோரியாவிலிருந்து வான் ரீனன் கணவாய் வழியாக ஓட்டி இறக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லோ-பெட்டில்தான், அதாவது வண்டியைச் சுமந்து வரும் தாழ்வான டிரெய்லரில்தான் வரணும். அந்த வாடகையைக் கேட்டுப் பார்த்தீர்களா?

இன்னொன்று. இந்த வண்டிகள் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம். என்னிடம் ஒரு விவசாயி கொண்டுவந்த லாரியில் மீட்டர் மிகக் குறைவு, பெயின்ட் புதுசு மாதிரி. கையை உள்ளே விட்டால் பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் இறுகிப்போயிருந்தன, ரப்பர் குழாய்கள் விரல் பட்டாலே விரிசல் விட்டன, டீசல் டாங்கியில் அடியில் தண்ணீரும் கருப்புச் சேறும். நான்கு டயரையும் மாற்றச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி எண் இருக்கும். நான்கு இலக்கம் என்றால் வாரமும் ஆண்டும். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைப் போட்டு ஆட்களை ஏற்றக் கூடாது. சாமில் 50-க்குத் தேவையான பெரிய டயர் சாதாரண லாரி டயர் விலையில் வராது.

ஊருக்குள் ஓடிய ஒரு பழைய ஜப்பானியச் சரக்கு லாரியை வாங்குங்கள். சர்வீஸ் சரித்திரம் இருக்கும், பார்ட்ஸ் அடுத்த தெருவில் கிடைக்கும்.

கரும்புக்காட்டான்

அண்ணே, ஜப்பானிய லாரி பின் சக்கரத்தில் மட்டும் இழுக்கும். ஈரக் களிமண்ணில் அது ஏறாது என்பதை 2022-இல் கண்ணால் பார்த்தோம். நமக்குத் தேவையே அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர்தான்.

பார்ட்ஸ் பற்றிய பயமும் அவசியமில்லை. அந்த டாய்ட்ஸ் எஞ்சின் குடும்பம் உலகம் முழுக்கப் பம்பு, ஜெனரேட்டர், டிராக்டர் என்று ஓடியிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். ஒன்று கெட்டால் அந்த ஒன்றைத்தான் கழற்றணும். இரண்டாம் ரகத்தில் வந்த, இந்நாட்டிலேயே அட்லாண்டிஸில் செய்த ஏடிஇ டீசல் எஞ்சினுக்கும் இங்கே கை பழகிய மெக்கானிக்குகள் நிறைய.

ஏலத்திடல் (பிரிட்டோரியா)

நீங்கள் இருவரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காகிதத்தில் ஆரம்பிப்பேன்.

பாதுகாப்புப் படையின் உபரிப் பொருட்களைக் கழிப்பது, அரசின் ராணுவக் கொள்முதல் நிறுவனமான ஆம்ஸ்கோர் வழியாக நடக்கிறது. அரசுத் துறைகள் தங்கள் சாதாரண வண்டிகளைத் தனியார் ஏலக்காரர்கள் மூலமும் விற்கின்றன. ஒருமுறை ராணுவ லாட்டில் (ஏலத்துக்கு வைக்கும் தொகுதியில்) எடுத்த வண்டியை வாங்கியவரே மறுபடி தனியார் ஏலத்தில் விடுவதும் உண்டு. ஆகவே முதலில் விற்பவர் யார், பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய ராணுவ வண்டிகளுக்கு ஆர் எழுத்தில் தொடங்கி எம் எழுத்தில் முடியும் தனி நம்பர் இருந்தது. அந்தப் பலகையை வைத்துக்கொண்டு சிவில் பதிவு எடுக்க முடியாது. சேஸிஸ் சட்டத்தில் குத்தியிருக்கும் எண், எஞ்சின் எண், காகிதத்தில் இருக்கும் எண் மூன்றும் பொருந்த வேண்டும். போலீஸ் கிளியரன்ஸில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்தது வண்டியின் கோட், அதாவது பதிவில் அதன் நிலையைக் காட்டும் எண். கோட் 2 என்றால் பயன்படுத்திய வண்டி. கோட் 3 என்றால் மறுபடி கட்டியது. 3ஏ என்றால் உதிரி பாகத்துக்கு மட்டும், 4 என்றால் நிரந்தரமாக அழிக்கப்பட்டதாகக் கணக்கு. கடைசி இரண்டையும் எவ்வளவு செலவழித்தாலும் ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. படத்தில் பளபளவென்று நிற்கும் லாரியின் லாட் விவரத்தில் சின்ன எழுத்தில் இது இருக்கும்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். ஏலம் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிற நிலையில் எடுத்துக்கொள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடையில் வாங்கும் பொருளுக்குத் தரும் தர உரிமையை ஏலத்தில் வாங்கிய பொருளுக்குத் தராது. 55-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்ற நினைப்போடு கையைத் தூக்காதீர்கள். ஏலத்துக்கு முன் வண்டிகளைப் பார்க்க விடும் பார்வை நாளில் நேரில் போகாமல் ஆன்லைனில் மட்டும் கேட்பதாக இருந்தால், நான் டீசல்_கை அண்ணன் பக்கம்.

வெருலம்_அக்கா

நான் லாரிக்கு எதிரி இல்லை. பஃபலுக்கு எதிரி. அந்த யோசனை இன்றே சாகட்டும்.

1984 அக்டோபரில், நிறவெறி ஆட்சியில், ராணுவம் செபோகெங் என்ற கறுப்பினக் குடியிருப்புக்குள் புகுந்ததிலிருந்து அந்த ஆண்டுகள் முழுக்க, காஸ்பிர், பஃபல் என்ற கவச வண்டிகள் டவுன்ஷிப் (கறுப்பினக் குடியிருப்பு) தெருக்களில் எதற்காக ஓடின என்பதைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சூலு குடும்பங்கள் மறக்கவில்லை. வெள்ள நேரத்தில் நாம் தண்ணீர் கொண்டுபோவது அவர்களுக்கும்தானே? அந்த வண்டி வாசலில் வந்து நின்றால் குழந்தை ஓடி வருமா, கதவைச் சாத்துமா? இலங்கைக்கும் பஃபல் விற்கப்பட்டது, அங்கே அதை வைத்து யூனிபஃபல் என்று சொந்தமாகவும் கட்டினார்கள். தமிழ்க் கோயில் முற்றத்தில் அந்த உருவம் நிற்பதை நான் ஏற்கவே மாட்டேன். என் நன்கொடையும் அந்தப் பணத்தில் இருக்கிறது.

கரும்புக்காட்டான்

அக்கா, பஃபலை நான் கேட்கவில்லை, குழுவில் வந்த பேச்சைத்தான் எழுதினேன். ஆனால் சிலர் சொல்லும் காரணம் முட்டாள்தனம் இல்லை. அது யூனிமாக் என்ற மெர்சிடிஸ் காட்டுப்பாதை லாரியின் சேஸிஸ் மேல் கட்டிய வண்டி, உயரம், எங்கும் ஏறும்.

டீசல்_கை

ஏறும், சரி. எதை ஏற்றிக்கொண்டு ஏறும்? கண்ணிவெடிக்காக வி வடிவத்தில் எஃகு அடிப்பகுதி. அந்த எடையைத் தினமும் சும்மா சுமக்கணும். உட்காருகிற இடம் உயரத்தில் இருப்பதால் சரிவில் சாயும் ஆபத்தும் கூட. பாட்டியை அதில் ஏற்ற ஏணி வைக்கணும். அக்கா சொன்ன காரணமே எனக்குப் போதும், இது மெக்கானிக்கின் காரணம்.

ஏலத்திடல்

சட்டமும் குறுக்கே நிற்கும். கவச வாகனங்கள் 2002-ஆம் ஆண்டு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறவை. ஒரு கோயில் குழு அந்த அனுமதி வேலையில் சிக்கத் தேவையில்லை. கவசமில்லாத சரக்கு லாரியோடு நில்லுங்கள்.

கரும்புக்காட்டான்

சரி, பஃபல் முடிந்தது. சாமில் 50 எடுத்து, பின்னால் 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டாங்கியைக் கட்டிவிட்டால் ஒரு தெருவுக்கு ஒரு நடை போதும். இதில் என்ன தப்பு?

டீசல்_கை

இதில்தான் உயிர் போகும், தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

5,000 லிட்டர் தண்ணீர் என்றாலே 5 டன். டாங்கி, அதன் சட்டம், பம்பு, பையன்கள் எல்லாம் அதற்கு மேல். 5 டன் லாரியில் முதல் நாளே அதிக பாரம். மேலும் அந்த பிளாஸ்டிக் டாங்கி வீட்டோரம் ஒரே இடத்தில் நிற்கச் செய்தது. உள்ளே தடுப்புத் தகடு கிடையாது. பாதி காலியான டாங்கியோடு சரிவில் திரும்பும்போது இரண்டு டன் தண்ணீர் ஒரு பக்கமாக அடித்துச் சாயும். உயரமான லாரி அதைத் தாங்காது. தடுப்பு வைத்துக் கட்டிய, தாழ்வான, 3,500 லிட்டருக்கு மேல் போகாத டாங்கி வேண்டும். ஒரு நடை கூடினால் கூடட்டும்.

ராணுவத்திடமே டாங்கர் உடல் கட்டிய சாமில்களும் உண்டு. அதைக் கண்டு ஆசைப்படுமுன் அது தண்ணீர் டாங்கரா, எரிபொருள் டாங்கரா என்று உறுதி செய்யுங்கள். டீசல் சுமந்த டாங்கியில், எத்தனை கழுவு கழுவினாலும், நம் குழந்தைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக நான் விடமாட்டேன்.

பார்வை நாளுக்குப் போவதென்று முடிவாகிவிட்டால் இதையெல்லாம் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்ய விடமாட்டோம் என்றால், எஞ்சின் கெட்டது என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வரக் கூடாது. காற்றுக் குளிர்விப்பு எஞ்சினில் மேல் தகட்டைக் கழற்றி சிலிண்டரின் செதில்களைப் பாருங்கள். ஆயில் கசிந்து அதில் தூசி படிந்து கெட்டியானால் காற்று போகாது, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகிக் கருகும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், இரண்டு டிஃப் (டிஃபரன்ஷியல்) எல்லாவற்றின் லெவல் பிளக்கையும் தளர்த்துங்கள். ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். பிரேக்குக்கான காற்று அழுத்தம் ஏறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்தபடி முள்ளைப் பாருங்கள், காதையும் கொடுங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் சேஸிஸ் விரிசலுக்குச் சுரண்டிப் பார்க்கணும், புது பெயின்ட் அடித்த இடத்தில் முதலில். லோ ரேஞ்சும் டிஃப் லாக்கும் விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் நான்கு சக்கர இழுவை இருக்கிறது என்று நம்பக் கூடாது. அதற்காகத்தானே இந்த வண்டியே?

உள்நாட்டு உலர்ந்த காற்றில் நின்ற வண்டியும் டர்பன் கடற்கரைக் காற்றில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. எங்கே நின்றது என்று கேட்டுவிடுங்கள்.

வெருலம்_அக்கா

ஓட்டப்போவது யார்? பையன்களிடம் கார் லைசென்ஸ்தானே இருக்கிறது?

ஏலத்திடல்

நல்ல கேள்வி அக்கா. வண்டியும் பாரமும் சேர்த்து 3,500 கிலோவுக்கு மேல் 16,000 கிலோ வரை சி1 லைசென்ஸ் வேண்டும், சாமில் 50 அதற்குள் வரும். அதோடு தொழில்முறை ஓட்டுநர் அனுமதி. வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ், ஆபரேட்டர் கார்டு. சாமில் 100 என்றால் சி1 போதாது. தொண்டு வண்டி என்று போக்குவரத்துப் போலீஸ் சலுகை தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கரும்புக்காட்டான்

சி1 இருப்பவர்கள் குழுவில் இருக்கிறார்கள், கரும்பு லாரி ஓட்டியவர்கள். நான் இன்னும் சாமில் பக்கம்தான். ஆனால் 50 மட்டும், சரக்கு உடல் மட்டும், வெள்ளை பெயின்ட், 3,500 லிட்டர் டாங்கி. பதிவுக் காகிதமும் கோட் 2-வும் இல்லாத லாட்டைப் பார்க்கவே போவதில்லை.

டீசல்_கை

என் ஓட்டு இன்னும் இல்லை என்பதுதான். லோ-பெட் வாடகை, நான்கு டயர், முழு பிரேக் வேலை, டாங்கி கட்டும் செலவு இந்த நான்குக்கும் எழுத்தில் விலை வாங்கு. உங்கள் பணத்தில் அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் நீ கேட்கக்கூடிய உச்ச விலை. அந்த எண்ணை ஏலத்துக்கு முன்பே கமிட்டியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. அதற்கு மேல் ஒரு ராண்டு போனாலும் கையை இறக்கு. அப்படிச் செய்வதாக இருந்தால் பார்வை நாளுக்கு டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்து வேண்டாம் என்று நான் சொன்னால், அந்த லாட்டை விட்டுவிட வேண்டும்.

கரும்புக்காட்டான்

வாங்க அண்ணே. விலைகள் வந்ததும் இங்கே போடுகிறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.