வாடகை குறைந்த வீடா, ரயில் நிலையத்துக்கு அருகே வீடா?

கேள்வி: ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய வீட்டுக்கு வாடகை அதிகம், தொலைவில் உள்ள வீட்டுக்குக் குறைவு என்றாலும், அங்கிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1: வாடகையோடு பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். போக்குவரத்தையும் சேர்த்து 45 சதவீதம் என்று வரையறுக்கும் குறியீடு ஒன்று அமெரிக்காவில் உண்டு. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட இரவுகளில் வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும் (அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: பிள்ளைகள் இருந்தால், நிலையத்தைவிடச் சுற்றுப்புறத்தையே முதலில் பார்ப்பேன். ஏழைக் குடும்பங்கள் வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகை உதவி தந்து அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தைப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் ஆராய்ந்தபோது, 13 வயதுக்கு முன் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதித்தது தெரியவந்தது.

பதில் 3: நிலையம் வந்ததும் வாடகை ஏறி, அந்த நிலையத்தை நம்பியிருந்தவர்களே வெளியேற நேர்கிறது, குறைந்த வாடகை வீடுகளுக்கென நிலத்தை முன்கூட்டியே ஒதுக்காமல் இது தீராது.